விழுந்த பிறகு

காரவள்ளி அடிவாரத்தில் தொடங்கும் கொல்லிமலைப் பாதை, 70 கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றி ஏறி வந்து மூச்சு வாங்கும் ஊர் சோளக்காடு. கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேலே. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி, அதன் நிழலில் காப்பிச்செடி, சந்தையில் பலாவும் அன்னாசியும் மலைவாழையும். சுற்றுலா வருகிறவர்கள் ஆகாய கங்கை அருவிக்கும் அறப்பளீசுவரர் கோயிலுக்கும் போவார்கள். சிலர் எட்டுக்கை அம்மனையும் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். சங்கப் பாடல்களில் வரும் கொல்லிப்பாவை இவள்தான் என்பது மலைமக்களின் நம்பிக்கை.

சிரித்தே ஆளைக் கொல்பவள் என்றுதான் கொல்லிப்பாவையை நமக்குச் சொல்லியிருக்கிறார்கள். அது பிற்காலத்தில் வளர்ந்த கதை. சங்கப் புலவர்கள் அவளைப் பெரும்பாலும் தலைவியின் அழகுக்கு உவமையாக்குகிறார்கள். நற்றிணைப் பாட்டு ஒன்று அவளைப் பற்றி வேறொன்றும் சொல்கிறது. காற்று மோதினாலும், இடி விழுந்தாலும், நிலமே கிளர்ந்து எழுந்தாலும் உருக்குலையாதவளாம். கவனித்தால், போரிடும் பெண்ணை நாம் கற்பனை செய்யும் விதம் இன்றுவரை இதுதான். மேடைச் சிற்பத்திலும் திரைப்படச் சுவரொட்டியிலும் அவள் நின்றுகொண்டிருப்பாள். விழவே மாட்டாள்.

நான் சோளக்காட்டுக்குக் கைபேசியில் ஏற்றிக்கொண்டு போன சண்டைகள் எல்லாமே விழுவதைப் பற்றியவை. பூஜா தோமர், ரீத்து போகாட் என்ற இரண்டு இந்தியப் பெண்களின் கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டிகள். ஆட்டக்காரர்களும் ரசிகர்களும் சுருக்கமாக எம்.எம்.ஏ. என்பார்கள். குத்து, உதை, முழங்கை, முழங்கால், வீழ்த்துதல், பூட்டு, கழுத்து நெரிப்பு எல்லாம் ஒரே ஆட்டத்தில் அனுமதிக்கப்படும் விளையாட்டு. தமிழ் ரசிகர்களுக்கு இது அறவே புதிதும் இல்லை. 2016இல் வந்த 'இறுதிச்சுற்று' படத்தில் குத்துச்சண்டைக்காரியாக நடித்த ரித்திகா சிங், திரைக்கு வருமுன் சூப்பர் ஃபைட் லீக் என்ற இந்திய எம்.எம்.ஏ. போட்டித் தொடரில் மோதியவர்தான்.

விடுதி அறையில் ஒலியை நிறுத்திவிட்டுத்தான் பார்த்தேன். வர்ணனையாளர்களின் குரல் ஏறினால் நம் கண்ணும் அதோடு ஏறிவிடும். மறுநாள் காலை டீக்கடையிலும் கைபேசியை மேசையில் சாய்த்துவைத்து ஒரு ஆட்டத்தைத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தேன். கடைக்கார அம்மா டம்ளரை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். "ஏங்க, விழுந்துட்டவளப் போட்டு அடிக்கிறாளே, இது நாயமுங்களா?"

எம்.எம்.ஏ.யை முதன்முதலில் பார்க்கும் எவருக்கும் எழும் கேள்வி இது. அறத்தின் பக்கமிருந்து கேட்டார். எனக்கு அது நுட்பத்தின் கேள்வியாகவும் கேட்டது. பூஜாவும் ரீத்துவும் வளர்ந்த விளையாட்டுகள், விழுந்தவரை என்ன செய்வது என்ற கேள்விக்கு ஒரு விடையை அவர்கள் உடம்பில் எழுதிவிட்டன. எம்.எம்.ஏ. அந்த விடையை ஏற்பதில்லை. இருவரின் வெற்றிகளும் தோல்விகளும் இந்த இடத்தைச் சுற்றியே நடக்கின்றன.

பூஜாவிடமிருந்து தொடங்கலாம். உத்தரப் பிரதேசம், முசாஃபர்நகர் மாவட்டம், புதானா ஊர்க்காரர். சிறு வயதிலேயே தந்தையை இழந்தவர். வூஷுவில் ஐந்து முறை தேசியச் சாம்பியன். வூஷு என்பது சீனத் தற்காப்புக் கலைகளை நவீன விளையாட்டாகத் தொகுத்த வடிவம். அதில் இரண்டு கிளைகள்: அழகாகச் செய்துகாட்டும் தாவுலு, நேருக்கு நேர் மோதும் சாண்டா. பெண்கள் சாண்டாவில் இந்தியாவுக்கு ஒரு மரபே இருக்கிறது, அதுவும் பெரிதும் மணிப்பூரில். 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டில் சந்தியாராணி தேவி வெள்ளி வென்றார். ரோஷிபினா தேவி 2018இல் வெண்கலமும், 2023இல் நடந்த ஹாங்சோ போட்டியில் வெள்ளியும் வென்றார். நம் செய்தித்தாள்களின் விளையாட்டுப் பக்கத்தில் இதெல்லாம் ஒற்றைப் பத்தியோடு முடிந்துபோனது வேறு கதை.

2024 ஜூன் 8 அன்று அமெரிக்காவின் லூயிவில் நகரில் பூஜா, எம்.எம்.ஏ. போட்டிகளை நடத்தும் யு.எஃப்.சி. அமைப்பின் எண்கோணக் கூண்டுக்குள் முதன்முறையாக இறங்கினார். இந்தியாவில் அப்போது ஜூன் 9, விடிய இன்னும் நேரம் இருந்தது. யு.எஃப்.சி. ஒப்பந்தம் பெற்ற முதல் இந்தியப் பெண் அவர். எதிரே பிரேசிலின் ரயானி டோஸ் சாண்டோஸ். ஸ்ட்ராவெயிட் பிரிவு, அதாவது 115 பௌண்டு, 52 கிலோவுக்குச் சற்றே மேல். ஐந்து நிமிடச் சுற்றுகள் மூன்று. நடுவர் மூவரின் தாள்களும் இப்படி வந்தன: ஒருவர் 30-27 என மூன்று சுற்றையும் பூஜாவுக்குக் கொடுத்தார். இன்னொருவர் 27-30 என மூன்றையும் டோஸ் சாண்டோஸுக்குக் கொடுத்தார். மூன்றாமவரின் 29-28 பூஜாவை வெல்லவைத்தது.

ஒரே சண்டையை ஒரே நேரத்தில் பார்த்த இரண்டு பேர் ஒரு சுற்றில்கூட ஒத்துப்போகவில்லை. நடுவர்களைத் திட்டிவிட்டுப் போவது எளிது, இணையத்தில் அதுதான் நடந்தது. எனக்கு இந்த முரண்பாடு பூஜாவின் சண்டைமுறையைப் புரிந்துகொள்ளும் வாசலாகத் தெரிந்தது. விதிப்படி நடுவர் முதலில் பார்க்கவேண்டியது எந்த அடி, எந்தப் பிடி பலன் தந்தது என்பதை. அதில் சமம் என்றால்தான் யார் முன்னேறிச் சண்டை செய்தார், யார் களத்தைத் தன் வசம் வைத்திருந்தார் என்று பார்க்கலாம். பூஜாவின் அடிகள் எண்ணிக்கையில் நிறைய இருக்காது, ஆனால் ஒவ்வொன்றும் கனமாக விழும். முதல் சுற்றில் விலாவை நோக்கி அவர் விட்ட உதைகளின் கனம் ஒலி இல்லாத திரையிலும் தெரிந்தது. இரண்டாம் சுற்றில் டோஸ் சாண்டோஸ் இடைவெளியைப் புரிந்துகொண்டு தானும் உதைக்கத் தொடங்க, ஆட்டம் அவர் பக்கம் சாய்ந்தது. மூன்றாவதில் பூஜாவின் தள்ளுதை ஒன்று, நேராக நீண்டு பாதத்தால் ஊன்றித் தள்ளும் உதை, எதிரியைத் தரையில் உட்காரவைத்தது. அடிகளை எண்ணிய கண்ணுக்கு ஒரு சண்டை தெரிந்திருக்கும். அடியின் கனத்தை எடைபோட்ட கண்ணுக்கு வேறொன்று.

இந்த உதைகள் நேராகச் சாண்டாவிலிருந்து வருகின்றன. சாண்டா நடக்கும் மேடை எட்டு மீட்டர்ச் சதுரம், தரையிலிருந்து 80 சென்டிமீட்டர் உயரம். சுற்றிலும் கயிறு கிடையாது. எதிரியை மேடையை விட்டுக் கீழே தள்ளினாலும் புள்ளி. உடம்பில் படும் உதைக்குக் குத்தைவிட மதிப்பு அதிகம். ஆகவே சாண்டா ஆட்டக்காரர் பக்கவாட்டில் திரும்பி நின்று, முன்காலை வேலிக்கம்புபோல நீட்டி நீட்டி எதிரியை விளிம்புக்கு ஓட்டுவார். எதிரியின் உதையைக் கையால் பிடித்து அவரைச் சாய்க்கவும் செய்வார். சாய்ந்தபின்? நடுவர் நிறுத்திவிடுவார். இருவரும் எழுந்து மறுபடி நிற்கவேண்டும். சாண்டாவில் தரை என்பது ஆட்டம் இல்லாத இடம்.

அங்கேதான் பூஜா பலமுறை மாட்டிக்கொண்டார். யு.எஃப்.சி.க்கு முன் அவர் ஆசியாவின் பெரிய அமைப்பான ஒன் சாம்பியன்ஷிப்பில் மோதினார். 2020 ஜனவரி 10 அன்று பாங்காக்கில் தாய்லாந்தின் ஸ்டாம்ப் ஃபேர்டெக்ஸை எதிர்த்தார். ஸ்டாம்ப் முய்தாய் வழி வந்தவர். நின்று அடிப்பதில் உலகத் தரம். அவரோடு நின்று அடித்து வெல்வது கடினம் என்பது எதிர்பார்த்ததே. ஆனால் முதல் சுற்றிலேயே ஆட்டம் முடிந்தது தரையில், மேலிருந்து இடைவிடாமல் விழுந்த அடிகளால். உதைக்காரியை உதைக்காரி தரையில் வென்றாள்.

இங்கே ஓர் இடைக்குறிப்பு. முய்தாயை 'எட்டு உறுப்புகளின் கலை' என்பார்கள்: இரு முட்டி, இரு முழங்கை, இரு முழங்கால், இரு கணைக்கால் எலும்பு. சோளக்காட்டில் உட்கார்ந்து இதைக் குறித்துக்கொண்டபோது எட்டுக்கை அம்மன் நினைவு வராமல் இருக்குமா? வந்தது. இதற்கு எந்த வரலாற்றுத் தொடர்பும் கிடையாது. ஆனால் நம் ஆட்கள் இதைவிட மெலிந்த ஒற்றுமைகளை வைத்துப் புத்தகமே போட்டிருக்கிறார்கள்.

பாங்காக்குக்குப் பிறகு பூஜா நாடு திரும்பி, மேட்ரிக்ஸ் ஃபைட் நைட் என்ற உள்நாட்டுத் தொடரில் தன்னை மீட்டெடுத்தார். 2023 ஜூலையில் ரஷ்யாவின் அனஸ்தாசியா ஃபியோஃபனோவாவை வென்றதும் யு.எஃப்.சி.யின் அழைப்பு வந்தது. அப்போது அவர் கணக்கு 8 வெற்றி, 4 தோல்வி. பயிற்சிக்குப் பாலித் தீவின் சோமா ஃபைட் கிளப்பைத் தேர்ந்தார். லூயிவில் வெற்றிக்குப் பிறகு செய்திகள் அவரை 'யு.எஃப்.சி.யில் வென்ற முதல் இந்தியர்' என்றன. 2023 பிப்ரவரியிலேயே அன்ஷுல் ஜுப்ளி, யு.எஃப்.சி. நடத்திய தகுதித் தொடரின் இறுதியில், யு.எஃப்.சி. நிகழ்ச்சியிலேயே வென்றிருந்தார். அதை எண்ணுவதா வேண்டாமா என்பது கணக்கப்பிள்ளை வேலை. 'முதல் இந்தியப் பெண்' என்பதில் யாருக்கும் ஐயமில்லை, அதுவே போதும்.

2025 மார்ச் 22, லண்டன். எதிரே அயர்லாந்தின் ஷானா பானன். இரண்டாம் சுற்றில் ஆட்டம் தரைக்குப் போனது. பானன் பூஜாவின் கையைப் பற்றித் தன் இரு கால்களுக்கிடையே இழுத்து, முழங்கையை மறுபக்கமாக வளைத்தார். பூஜா தட்டினார். எம்.எம்.ஏ.யில் தோல்வியை ஒப்புக்கொள்ள எதிரியின் உடம்பிலோ தரையிலோ கையால் தட்டுவது வழக்கம்.

இந்தப் பிடியின் பெயர் ஆர்ம்பார். தமிழில் கைப்பூட்டு என்றே சொல்லலாம், ஏனென்றால் நம் குத்துவரிசை, வர்ம ஆசான்கள் 'பூட்டு' என்ற சொல்லைத்தான் காலங்காலமாகப் புழங்குகிறார்கள். பூட்டும் உண்டு, அதை அவிழ்க்கும் பிரிவும் உண்டு. கைப்பூட்டின் இயக்கம் எளிமையானது. எதிரியின் நீட்டிய கையைத் தன் தொடைகளுக்கு நடுவே வைத்து, அவர் மணிக்கட்டைத் தன் மார்போடு அணைத்து, ஒரு காலால் அவர் மார்பையும் மறு காலால் கழுத்தையும் அழுத்திக்கொண்டு, இடுப்பைத் தூக்குவது. இடுப்பெலும்புதான் நெம்புகோலின் முட்டு. எதிரியின் ஒரு முழங்கை மூட்டை, நம் முதுகும் இடுப்பும் தொடையும் சேர்ந்த மொத்த பலமும் எதிர்க்கிறது. ஐம்பது கிலோப் பெண் நூறு கிலோ ஆணின் கையை இப்படி முறிக்க முடியும். மூட்டு அந்தத் திசையில் மடங்காது, தசை எவ்வளவு இருந்தாலும்.

உலகம் பெண்களின் எம்.எம்.ஏ.யைப் பொருட்படுத்தத் தொடங்கியதே இந்தப் பூட்டால்தான் என்று சொன்னால் மிகையில்லை. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஜூடோ வெண்கலம் வென்ற அமெரிக்கர் ரோண்டா ரௌசி, 2013 பிப்ரவரி 23 அன்று யு.எஃப்.சி.யின் முதல் பெண்கள் போட்டியில் லிஸ் கார்முஷை முதல் சுற்று முடியச் சில நொடிகளே இருக்கும்போது கைப்பூட்டில் பிடித்தார். பெண்கள் யு.எஃப்.சி.யில் ஒருபோதும் சண்டையிடப் போவதில்லை என்று அதற்குச் சில ஆண்டுகள் முன்தான் அதன் தலைவர் டேனா வைட் சொல்லியிருந்தார்.

இனி ரீத்து. ஹரியானாவின் பலாலி ஊர். மகாவீர் சிங் போகாட்டின் மூன்றாவது மகள். 'தங்கல்' படத்தில் நாம் பார்த்த கீதா, பபிதாவின் தங்கை. 2016இல் சிங்கப்பூரில் நடந்த காமன்வெல்த் மல்யுத்தச் சாம்பியன்ஷிப்பில் 48 கிலோ பிரிவில் தங்கம். 2017இல் போலந்தில் 23 வயதுக்குட்பட்டோர் உலகச் சாம்பியன்ஷிப்பில் வெள்ளி. டோக்கியோ ஒலிம்பிக் எட்டும் தூரத்தில் இருந்த 2019இல், மல்யுத்தத்தை விட்டுவிட்டு சிங்கப்பூரின் இவால்வ் பயிற்சிக்கூடத்துக்குப் போனார். இந்த முடிவின் கனத்தை விளையாட்டு வீரர் இருக்கும் குடும்பங்கள் அறியும். மல்யுத்தத்தில் ஒலிம்பிக் உண்டு, அர்ஜுனா விருது உண்டு, ரயில்வேயிலும் காவல்துறையிலும் வேலை உண்டு. எம்.எம்.ஏ.யில் அடுத்த சண்டைக்கான ஒப்பந்தம் மட்டுமே உண்டு.

ஆரம்பம் அபாரமாக இருந்தது. 2019 நவம்பர் 16, பெய்ஜிங்: கொரியாவின் கிம் நாம் ஹியை முதல் சுற்றிலேயே முடித்தார். 2020 முடிவதற்குள் மேலும் மூன்று வெற்றிகள். அவர் முறையில் மர்மம் எதுவும் இல்லை. நுழைந்ததும் தாழ்ந்து, எதிரியின் தொடைகளை வாரிப் பிடித்துத் தரையில் சாய்ப்பார். சாய்த்ததும் மேலேறி அமர்ந்து குத்துவார். சாய்ப்பது பாதி வெற்றி என்று அவர் உடம்புக்குச் சிறு வயதிலிருந்தே தெரியும்.

இங்கே மல்யுத்தத்தின் விதியைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். ஃப்ரீஸ்டைல் மல்யுத்தத்தில் எதிரியின் இரு தோள்பட்டைகளும் தரையில் பட்டால் ஆட்டம் முடிந்தது. முதுகு தரையைப் பார்க்கும்படி திருப்பினாலே புள்ளி. குப்புறக் கிடப்பவர் இன்னும் தோற்கவில்லை. குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று நாம் கேலி செய்யும் ஆள், மல்யுத்த விதிப்படி பார்த்தால் ஓரளவு நியாயத்தோடுதான் பேசுகிறார். மண் ஒட்டக்கூடாத இடம் முதுகு. ஆகவே மல்யுத்தக்காரரின் மூளையில் ஆழப் பதிந்திருப்பது ஒரே சமன்பாடு: கீழே மல்லாந்தவர் தோற்றவர், மேலே இருப்பவர் வென்றவர்.

எம்.எம்.ஏ.யில் மல்லாந்து கிடப்பவருக்கு இரு கால்கள் மிச்சமிருக்கின்றன. ப்ரேசிலிய ஜியு-ஜிட்சு என்ற கலை முழுக்க முழுக்க இந்த மிச்சத்தில் கட்டியது. மேலே இருப்பவரின் இடுப்பைக் கால்களால் வளைத்துக்கொண்டு கிடப்பதை 'கார்டு' என்பார்கள், காவல் என்ற பொருளில். அந்தக் காவலுக்குள் இருப்பவர் குத்தக் கை ஓங்கும்போதெல்லாம் ஒரு கையைக் கடன் கொடுக்கிறார். கீழே கிடப்பவர் திருப்பித் தராமல் வைத்துக்கொண்டால் அதுதான் கைப்பூட்டு.

ரீத்துவின் போட்டியாளர்கள் இதைக் கண்டுகொள்ள ஒன்றரை ஆண்டு பிடித்தது. 2021 மே மாதம் பி நுயென் பிளவு முடிவில் அவரை வீழ்த்தினார். ஒன் சாம்பியன்ஷிப்பில் சுற்றுக்குச் சுற்று புள்ளி போடுவதில்லை, மொத்த ஆட்டத்தையும் வைத்துத்தான் முடிவு. யார் யாரை வீழ்ச்சிக்கு அருகே கொண்டுபோனார் என்பதற்கே முதலிடம். சாய்த்துவிட்டுப் பிடித்துவைத்திருப்பதற்கு அங்கே பெரிய மதிப்பு இல்லை. அந்த ஆண்டே அமைப்பு பெண்களின் அட்டம்வெயிட் கிராண்ட் பிரி தொடரை நடத்தியது. செப்டம்பரில் சீனாவின் மெங் போ, அக்டோபரில் பிலிப்பைன்சின் ஜெனலின் ஓல்சிம் இருவரையும் வென்று ரீத்து இறுதிக்கு வந்தார். இறுதியில் எதிரே நின்றவர் ஸ்டாம்ப் ஃபேர்டெக்ஸ். பூஜாவைத் தரையில் முடித்த அதே ஸ்டாம்ப்.

2021 டிசம்பர் 3, சிங்கப்பூர். இந்த ஆட்டத்தை நான் பத்துப் பன்னிரண்டு முறையாவது பார்த்திருப்பேன். இரண்டாம் சுற்றில் ரீத்து தனக்குத் தெரிந்ததைச் சரியாகச் செய்கிறார். ஸ்டாம்பைச் சாய்த்துவிடுகிறார். பலாலியின் மண்ணாக இருந்தால் இத்தோடு கைதட்டல். ஸ்டாம்ப் மல்லாந்தபடியே கால்களை உயர்த்தி ரீத்துவின் கழுத்தையும் ஒரு கையையும் முக்கோணமாகப் பூட்டுகிறார், பிறகு அதிலிருந்து கைப்பூட்டுக்கு நகர்கிறார். இரண்டு நிமிடம் 14 நொடியில் ரீத்து தட்டிவிடுகிறார். வீழ்த்தியவள் தோற்றாள். முய்தாய்க்காரி, தன் கலையில் இல்லாத ஒன்றால், மல்யுத்தக்காரி வென்றுகொண்டிருப்பதாக நம்பிய நொடியில் வென்றாள். 2023இல் அதே ஸ்டாம்ப் எம்.எம்.ஏ. பட்டத்தையும் கைப்பற்றி, முய்தாய், கிக்பாக்ஸிங், எம்.எம்.ஏ. மூன்றிலும் ஒன் உலகப் பட்டம் வென்ற முதல் ஆளானார்.

அதன்பின் 2022இல் சிங்கப்பூரின் டிஃப்பனி டியோவும், ரீத்து குழந்தை பெற்றுத் திரும்பிய 2025 பிப்ரவரியில் ஜப்பானின் அயாகா மியூராவும் அவரைத் தட்டவைத்தார்கள். அதுவரையிலான கணக்கு 7 வெற்றி, 4 தோல்வி. ஏழு வெற்றிகளில் ஒன்றுகூட பூட்டாலோ நெரிப்பாலோ வந்ததில்லை. நான்கு தோல்விகளில் மூன்று அப்படி வந்தவை. இதைவிடத் தெளிவான எக்ஸ்ரே படம் கிடைக்காது.

தரைச் சண்டை நமக்கு அந்நியமானது என்று இதற்குக் காரணம் சொல்வார்கள். ஏற்க முடியவில்லை. புறநானூற்றின் 80ஆம் பாட்டில் சாத்தந்தையார் ஆமூர் மல்லனோடு போரவைக் கோப்பெருநற்கிள்ளி நடத்திய மற்போரைப் பாடுகிறார். அதில் கிள்ளியின் ஒரு கால் மல்லனின் மார்பில் பதிந்திருக்கிறது. இன்னொரு கால் அவன் செய்யும் தந்திரத்தைத் தடுத்துப் பின்புறம் வளைந்திருக்கிறது. பசித்த யானை மூங்கிலைத் தின்ன முறிப்பதுபோலத் தலையையும் காலையும் இருபுறமும் ஒடித்தான் என்று முடிகிறது. நின்று மோதும் சண்டையின் வர்ணனை இல்லை இது. விழுந்தபின் எந்தக் கால் எங்கே என்று பார்த்த கண். நீண்ட ஒன்றை இரு முனையும் பிடித்து நடுவில் முறிப்பது என்பது நெம்புகோலின் கணக்கேதான். அதே அரசனைக் காதலித்து நக்கண்ணையார் என்ற பெண் பாடியவை தனி. அவரையும் கூட்டத்தோடு நின்று மற்போர் பார்த்த பெண்ணாகவே நினைத்துக்கொள்ள எனக்குப் பிடிக்கும்.

பார்வை இருந்தது, அதன்மேல் விளையாட்டு கட்டப்படவில்லை. நவீன விளையாட்டு விதிகள் கலைகளைத் துண்டு துண்டாக்கிப் பிரித்துக் கொடுத்தன. குத்துபவருக்குக் குத்துச்சண்டை, உதைப்பவருக்கு வூஷு, சாய்ப்பவருக்கு மல்யுத்தம், கம்பு சுழற்றுபவருக்குச் சிலம்பம். ஒவ்வொன்றுக்கும் ஒரு சங்கம், ஒரு சான்றிதழ், ஒரு ஒதுக்கீடு. ஒன்றில் சாம்பியனாவதற்கு மற்றவற்றை மறந்தாகவேண்டும். பத்து ஆண்டு ஒன்றைச் செய்த உடம்பு, விழும் அந்த நொடியில் யோசிக்காது. பழகியதைச் செய்யும்.

திருத்திக்கொள்ள முடியாதா? முடியும் என்பதற்குச் சாட்சி சீனாவின் ஜாங் வெய்லி. அவரும் சாண்டா வழி. அவரும் பூஜாவின் அதே ஸ்ட்ராவெயிட். 2019இல் ஷென்ஜெனில் ஜெசிக்கா ஆண்ட்ராடியை 42 நொடியில் அடித்துச் சாய்த்துச் சாம்பியனானார். 2021இல் ரோஸ் நமஜுனாஸிடம் இரண்டு முறை தோற்றார். அந்த இரண்டு தோல்விகளுக்கும் இடையே, ஒலிம்பிக் மல்யுத்தத் தங்கம் வென்ற ஹென்றி செஹூடோவோடு சேர்ந்து பயின்றார். 2022 நவம்பரில் நியூயார்க்கில் மல்யுத்தம் வழி வந்த சாம்பியன் கார்லா எஸ்பார்சாவைத் தரையில் பின்னாலிருந்து கழுத்தை நெரித்துத் தட்டவைத்து, பட்டத்தைத் திரும்ப எடுத்தார். உதைக்காரி மல்யுத்தக்காரியை மல்யுத்தக்காரியின் வீட்டிலேயே வென்றாள்.

இந்த ஒப்பீட்டில் ஒரு நியாயமும் பார்க்கவேண்டும். ஜாங்குக்குக் கிடைத்தவை பணமும் பயிற்சித் துணைகளும். கைப்பூட்டைத் தவிர்க்கக் கற்க, தன் எடையில், தன்னை ஒவ்வொரு நாளும் கைப்பூட்டில் பிடிக்கக்கூடிய நான்கைந்து பெண்கள் வேண்டும். வீடியோ பார்த்துக் கற்க முடியாது. ஆண்களோடு பயின்றால் எடையும் பலமும் கணக்கைக் குழப்பும். அந்த நான்கைந்து பெண்களைத் தேடித்தான் ரீத்து சிங்கப்பூருக்கும் பூஜா பாலிக்கும் போனார்கள். துணிச்சலைத் தேடிப் போகவில்லை, அது ஊரிலேயே இருந்தது.

எடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒன் சாம்பியன்ஷிப்பில் 115 பௌண்டு 'அட்டம்வெயிட்', யு.எஃப்.சி.யில் அதே 115 'ஸ்ட்ராவெயிட்'. பெயர் மட்டும் மாறவில்லை. 2015 டிசம்பரில் யாங் ஜியான் பிங் என்ற சீன வீரர் எடை குறைக்க உடம்பின் நீரை வற்றவைத்ததில் இறந்தார். அதற்குப் பிறகு ஒன் அமைப்பு நீர்ச்சத்துச் சோதனையைக் கட்டாயமாக்கியது. அங்கே 115 என்றால் ஏறக்குறைய நடமாடும் எடை. யு.எஃப்.சி.யில் முதல்நாள் 115 காட்டிய பெண், தண்ணீரும் சோறும் ஏற்றிக்கொண்டு மறுநாள் கூண்டுக்குள் வரும்போது சில கிலோ கூடியிருப்பாள். ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவிய பூஜா, ஒரே எண்ணில் சற்றுப் பெரிய பெண்களைச் சந்திக்கப் போனார் என்று பொருள். தரையில் மேலிருந்து அழுத்தும்போது அந்த வித்தியாசம் கூடுதலாக உறைக்கும்.

கொல்லிமலைக்கு இன்னொரு போர்க்கதையும் உண்டு. வல்வில் ஓரியின் ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் துளைத்ததாக வன்பரணர் பாடினார். செம்மேட்டில் அவனுக்குச் சிலை இருக்கிறது, ஆடியில் அரசு விழா எடுக்கிறது. ஓரி கடைசியில் மலையமான் திருமுடிக்காரியிடம் போரில் மாண்டான் என்பதும் சங்கப் பாடல்களிலேயே இருக்கிறது. விழா மேடைகளில் அம்பைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள். ஒரு கலையில் ஒப்பற்றவன், நெருங்கி வந்தவனிடம் எப்படி விழுந்தான் என்று கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை.

டீக்கடை அம்மாவின் கேள்விக்கு நான் விதிகளைச் சொன்னேன். விழுந்தவரின் தலையில் உதைக்க யு.எஃப்.சி.யில் அனுமதி இல்லை, கையால் அடிக்கலாம், அவர் தற்காத்துக்கொள்ள முடியாத நொடியில் நடுவர் பாய்ந்து நிறுத்துவார், அவரே தட்டினாலும் முடிந்தது. அவருக்கு இதில் பெரிய திருப்தி வந்ததாகத் தெரியவில்லை. சிங்கப்பூர் ஆட்டத்தின் இரண்டாம் சுற்றைப் போட்டுக் காட்டினேன். ரீத்து ஸ்டாம்பைச் சாய்த்ததும், "அவ்ளதான், கீழ இருக்கறவ தோத்துட்டா" என்றார்.

"பாருங்கம்மா" என்றேன்.

கால்கள் உயர்ந்தன, கை மாட்டியது, ரீத்து தட்டினார், நடுவர் பிரித்துவிட்டார். அம்மா கைபேசியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். அடுப்பில் பால் பொங்கும் ஓசை கேட்டு ஓடிப்போய் இறக்கி வைத்துவிட்டு வந்து, "இன்னொருக்காப் போடுங்க. அந்தக் கால எங்க வெச்சான்னு பாக்கோணும்" என்றார்.